தேவநேசன் வீட்டில் ‘இல்லை’ கிடையாது

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் தேவநேசன் அங்கிள் வீட்டில் கெட்ட வார்த்தை என்றால் அது ‘இல்லை’தான். அங்கிளுக்கு ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தா உத்தியோகம். சொந்த ஊர் பாளையங்கோட்டை. வாயால் எதைச் சொல்கிறோமோ அது நடந்துவிடும் என்பது அவருடைய விசுவாசம். சிலிண்டர் தீர்ந்துபோனால் "கேஸ் வருது" என்பார்கள். மனைவி செலின் ஆன்ட்டி நர்ஸ். வார்டில் நூற்றிரண்டு டிகிரி என்று ஒழுங்காக எழுதிவைப்பவர், வீட்டில் மகள் போர்வைக்குள் நடுங்கினால் "பிள்ளை சுகமா இருக்கா" என்பார். சுகமான பிள்ளைக்கு எதற்கு பாரசிட்டமால் என்று ஒருநாள் கேட்டேன். அன்றைக்கு எனக்கு இரண்டாவது மீன் துண்டு வரவில்லை.

அந்த மகள்தான் லிடியா. டெல்லியிலேயே பிறந்தவள், என்னோடு கல்லூரியில் கணக்கு ஆனர்ஸ் படிக்கிறாள். முனிர்காவில் என் அறையில் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். அதனால் ஞாயிறு தவறாமல் அங்கே போய்விடுவேன். சேர்ந்து படிப்பதற்கு என்று பேர்.

அவரவர் பள்ளியில் நாங்கள் இருவரும் கால்குலஸில் புலி. சூத்திரத்தைப் போடு, விடையை எழுது, அவ்வளவுதான். கல்லூரியில் விடையை யாரும் சீந்தவில்லை. நிரூபி என்றார்கள். எண்கள் வரிசையாக ஓர் எல்லையை நெருங்கிக்கொண்டே போனால், அந்த எல்லை ஒன்றுதான் இருக்க முடியும். பார்த்தாலே தெரிகிறதே! லிடியாவும் "ஒன்றுதான் என்பது தெளிவு" என்று எழுதினாள். பக்கத்தில் மகாதேவன் சார் சிவப்பு மையில் "ஏன்?" என்று எழுதினார். விடைத்தாள் முழுக்க ஏன், ஏன், ஏன். பெயில்.

வேடிக்கை என்னவென்றால், அவளுக்கு அந்த ‘ஏன்’ பிடித்துப்போய்விட்டது. "எங்க வீட்ல ஏன்னு கேட்டா ஜெபம் பண்ணுன்னுதான் சொல்வாங்க. இங்க அதைக் கேக்கறதுக்கே ஒரு சப்ஜெக்ட் இருக்கு" என்றாள். மறுதேர்விலும் பெயிலானால் மூன்றாம் ஆண்டு கிடையாது, கணக்கை விட்டுவிட வேண்டியதுதான். கல்லூரி விதிக்கு அங்கிளின் விசுவாசம் தெரியாதே.

அந்தப் பாடத்தின் பெரிய வித்தையே, நிரூபிக்க வேண்டியதைப் பொய் என்று வைத்துக்கொண்டு தொடங்குவது. அது எங்கேயாவது முரண்பாட்டில் போய் முட்டிக்கொள்ளும். அப்போது பொய் என்றது தப்பு, உண்மைதான் என்று ஆகிவிடும். லிடியா சத்தம் போட்டுப் படிக்கிறவள். "சப்போஸ் நாட்..." என்று ஆரம்பித்தாள். அடுக்களையிலிருந்து ஆன்ட்டி ஓடிவந்தார்.

"ஏட்டி, ஏன் நாட்டுன்னு சொல்லுத? நல்லதாச் சொல்லிப் படி!"

"மம்மி, தப்புன்னு வச்சுக்கிட்டாதான் ரைட்டுன்னு ப்ரூவ் பண்ண முடியும்."

"எதுக்குத் தப்புன்னு வச்சுக்கிடணும்? ரைட்டுன்னே வச்சுக்க."

ரைட் என்றே வைத்துக்கொண்டுதான் அவள் போன தடவை பெயிலானாள். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் அங்கிள் சமரசம் பேசினார். "கெட்டதை மனசுக்குள்ள வச்சுக்கிட்டுப் படி மக்கா." அதன்பின் லிடியா ‘சப்போஸ்’ என்று சத்தமாகச் சொல்வாள், ‘நாட்’ என்பதற்குத் தலையை மட்டும் ஆட்டுவாள்.

மறுதேர்வு ரிசல்ட் வந்த அன்று நானும் அங்கே போயிருந்தேன். அங்கிள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். லிடியா போனை என் கையில் திணித்துவிட்டு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். "பாஸ்தான், பாஸ்தான்" என்று ஆன்ட்டி கதவைத் தட்டத் தட்ட, உள்ளே அழுகை கூடியது.

அங்கிள் கதவருகே வந்தார். ஆன்ட்டியின் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு,

"சரி மக்கா. நீ பெயில்னே வச்சுக்கிடுவோம்" என்றார்.

"என்னங்க!" என்றார் ஆன்ட்டி.

"சும்மா இரு செலின், அவ பாடத்துல இப்படித்தான் தொடங்கணும்." கதவைப் பார்த்துத் திரும்பினார். "நீ பெயிலு. அப்போ நாளைக்கு உங்கம்மா உனக்கு ஆப்பம் சுடமாட்டாளா? சுடுவா. நான் உன்னை பஸ் ஏத்திவிட வரமாட்டனா? வருவேன். நீ எங்க பிள்ளை இல்லன்னு ஆயிருமா? ஆவாது."

உள்ளே அழுகை நின்றது. மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"டாடி, இதுல முரண்பாடே வரலையே."

"வரலன்னா?"

"நான் நிஜமாவே பெயிலாயிருக்கலாம்னு அர்த்தம்."

"இருக்கலாம்" என்றார் அங்கிள். "அதுக்கென்ன?"

தாழ்ப்பாள் திறந்தது. லிடியா என்னிடமிருந்து போனை வாங்கி, அவளே பார்த்தாள். பாஸ். தட்டுத்தடுமாறித்தான், ஆனாலும் பாஸ். "நான் அப்பவே சொன்னேன்லா!" என்று ஆன்ட்டி கொக்கரித்தார்.

சாயங்கால ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். அங்கிள் நன்றி சொல்லி முடித்து, குரலைத் தாழ்த்தினார். "ஆண்டவரே, மத்தியானம் என் பிள்ளையைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிட்டேன். அதை மன்னியும்."

"மன்னிக்காதீங்க, ஆண்டவரே" என்று குறுக்கே புகுந்தாள் லிடியா. "டாடி கரெக்டாதான் சொன்னார்."

பழக்க தோஷத்தில் செலின் ஆன்ட்டி ஆமென் சொல்லிவிட்டார்.