உசிலம்பட்டியிலிருந்து வந்த சாணி

போன சனிக்கிழமை உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஒரு கைப்பிடி மாட்டுச் சாணி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் என் மச்சான். அதாவது, அக்காவின் முன்னாள் கணவர்.

முன்னாள் கணவர் சரி... முன்னாள் மச்சான் என்று ஒன்று உண்டா? விவாகரத்துத் தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் இன்னமும் என்னை 'மாப்ள' என்றுதான் கூப்பிடுகிறார்.

அக்காவும் அவள் மகள் ஆறு வயது யாழினியும் எங்களோடு மதுரை வில்லாபுரத்தில். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பூங்காவில் அப்பாவும் மகளும் சந்திக்கலாம் — இது கோர்ட் உத்தரவு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நடுவில் மச்சான் ஒரு நண்பரின் நிலப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பத்திரம் போலி. கைது, ஜாமீன். இப்போது தினமும் காலை பத்தரைக்கு உசிலம்பட்டி ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா? அதை நீதிபதி சொல்லட்டும். எனக்கு அவசரமில்லை.

எங்கள் பெரியப்பாவுக்கு அவசரம். "ஜாமீன்ல வந்தவன்கிட்ட பிள்ளைய அனுப்புவீகளா?" என்று குதித்தார்.

"அனுப்பலைன்னா கோர்ட்டுக்கு நாமதான் பதில் சொல்லணும் பெரியப்பா."

"அனுப்பாம என்னடா? நானே கூட்டிட்டுப் போறேன். பத்து மணிக்கு டாண்ணு நிப்போம். அரை மணி நேரம் பாப்போம். ஆளு வரலையா... கோர்ட்டுல காட்ட கேட்ல நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வீட்டுக்கு வந்துருவோம்!"

பத்தரைக்கு உசிலம்பட்டி ஸ்டேஷனில் நிற்க வேண்டியவர் அதே நேரம் மதுரைப் பூங்காவில் எப்படி நிற்பார்? இரண்டு மாதம் இப்படியே போனது. அவர் அடித்துப் பிடித்து மதியம் வந்து, காலி பெஞ்சைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நேரத்தை மாற்றச் சொல்லி மனு போடலாமே என்பீர்கள். பாவம், இருக்கிற கேஸுக்கே வக்கீல் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறார்.

உத்தரவில் ஓர் எழுத்தையும் மீறாமல் ஒரு பிள்ளையை அப்பாவிடமிருந்து ஒளித்துவைக்க முடியும். தெரியுமா உங்களுக்கு?

இந்த நேரம் பார்த்து யாழினிக்கு முதல் பல் விழுந்தது. விழுந்த பால்பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தால்தான் புதுப்பல் ஒழுங்காக முளைக்கும் — நம் எல்லோர் பல்லும் அப்படித்தானே போனது? வில்லாபுரத்தில் சாணிக்கு எங்கே போவது என்று அம்மா யோசித்துக்கொண்டிருக்க, யாழினி பல்லை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மூடிக்கொண்டாள்.

"அப்பா பாத்தப்புறம்தான் எறிவேன்."

"அவன் வரலைன்னா?" என்றார் பெரியப்பா.

"அப்ப எனக்குப் பல்லே முளைக்க வேணாம்."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். "இந்தச் சனிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன் பெரியப்பா."

"கேஸ்ல இருக்கவன்மா..."

"கேஸு அவரு மேலதான? எம்பிள்ளை மேல இல்லையே?"

அன்றைக்கே அக்காவிடமிருந்து மச்சானுக்கு ஒரு மெசேஜ் போனது. 'பாப்பாவுக்குப் பல் விழுந்துருச்சு. பதறாம வாங்க. இருப்போம்.'

சனிக்கிழமை டிரைவர் வேலை எனக்கு. பத்து நிமிடம் ஓர் இடத்தில் உட்கார முடியாத ஆள் நான். பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அக்கா பெஞ்சை விட்டு அசையவில்லை. பன்னிரண்டு மணி தாண்டி மச்சான் ஓடிவந்தார், கையில் வாழையிலைப் பொட்டலத்தோடு.

"சாணி, மாப்ள! வீட்டு மாடு. பஸ்ஸுல ஒரு பய பக்கத்துல உக்காரலையே. சீட்டு முழுசும் எனக்குத்தான்!"

யாழினி 'ஈ' என்று பொக்கை வாயைக் காட்டினாள். அந்தக் குட்டிப் பல்லை உள்ளங்கையில் வைத்து, "இம்புட்டுக்காண்டு பல்லா இது!" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார் மச்சான்.

இருவரும் சாணி உருட்டினார்கள். வாட்ச்மேன் ஷெட்டின் கூரைக்கு எறிந்தார்கள். வாட்ச்மேன் பாய்ந்து வந்தார்.

"யோவ், என்னத்தய்யா எறியிறீக?"

"பிள்ளையோட மொதப் பல்லுண்ணே."

"அட, முன்னாடியே சொல்லக் கூடாதா? ஓரமாக் கெடக்கு பாரு, உருண்டு வந்துரும்" என்று குச்சியை எடுத்துவந்து தள்ளிவிட்டார்.

ஒரு மணிக்கு மச்சான் தானாகவே எழுந்தார். "நேரமாச்சு... கூட்டிட்டுப் போ."

அக்கா அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "ரெண்டு மணி வரைக்கும் இருங்க."

அக்காவுக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை. காரணமும் சின்னதில்லை, எனக்குத் தெரியும். அதில் ஒரு சொட்டுகூட மகள்மேல் சிந்தாமல் பிடித்துக்கொண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளே... சந்திப்பு நேரத்தை மதியத்துக்கு மாற்றித் தரும்படி கேட்க இப்போது அவளே வக்கீலிடம் சொல்லியிருக்கிறாள். நேரில் நன்றி சொன்னால் 'போடா' என்பாள். அதனால் இங்கே சொல்லிக்கொள்கிறேன் — நன்றிக்கா. அந்தக் குச்சிக்காக வாட்ச்மேன் அண்ணனுக்கும்தான்.

நேற்று யாழினிக்கு அடுத்த பல் ஆட ஆரம்பித்திருக்கிறது. தொட்டுப் பார்த்த பெரியப்பா, பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டார்:

"சாணிக்குச் சொல்லியாச்சா?"