நத்தையை ஓட வைத்தவர்கள்

அந்தப் படத்தொகுப்பாளன் எதிரே வந்தால் தையற்காரன் பக்கத்துச் சந்தில் புகுந்துவிடுவான். முகத்தில் விழித்தால் வாயில் என்ன வருமோ என்கிற பயம்தான். ஆண்டுகள் போய்விட்டன, தலை நரைத்துவிட்டது, அந்த ஆத்திரம் மட்டும் நரைக்கவில்லை. ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்துக் கேமரா முன்னால் நடந்த நடையை எடுத்து ஓட்டமாக்கிவிட்டான். “அவன் என்ன செய்வான், பழக்கதோஷம்” என்று நடந்தவரே சொல்லிவிட்டார். தையற்காரனுக்கு அது ஒட்டவில்லை.

நடந்தவர் அவனுடைய அக்கா புருஷன். சண்டைக்காட்சிகளில் கீழே விழுவது அவர் தொழில். மாடியிலிருந்து விழுவார், வண்டியிலிருந்து விழுவார், தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து டீ கேட்பார். ஒரே ஒரு தொடரில் மட்டும் வீரனாக நடித்தார். அதிலும் முகம் வேறொரு பையனுடையது. முகமூடி ஏறிய பிறகு உள்ளே இருந்தது இவர்.

அந்த வீரன் வந்த கதை தனி. பறக்கிற வீரர்கள், மின்னல் விடுகிற வீரர்கள் எல்லாம் யானை விலை. தொடர் எடுத்த கம்பெனிக்கோ பூனை வாங்கவே மூச்சு முட்டியது. பழைய சித்திரக்கதைகளைக் கிளறி, யாரும் சீண்டாத ஒருவனைப் பிடித்தார்கள். நத்தைவீரன். முதுகில் ஓடு இருக்கும். அதைக் குண்டு துளைக்காது, தீ சுடாது. ஆனால் வேகமாகப் போக வராது. எங்கே அழுகுரல் கேட்டாலும் கிளம்பிவிடுவான். போய்ச் சேர்வதற்குள் பாதி நேரம் எல்லாம் முடிந்திருக்கும். மிச்சம் இருப்பவர்களை ஓட்டின் நிழலில் சேர்த்துக்கொண்டு விடியும்வரை கூட உட்கார்ந்திருப்பான். இதை யார் வாங்குவார்கள்? கொஞ்ச நாள் வந்தது, நின்றுபோனது.

வாங்கிப் படித்த நாலு பேரில் மாமாவும் ஒருவர். சின்ன வயதில் பெற்றவர்களைப் பறிகொடுத்து அண்டிய வீட்டில் வளர்ந்தவர். லேட்டாகவாவது ஒருத்தன் வருகிறான் என்கிற கதை அவருக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் தானாகப் போய் வரிசையில் நின்றார். உடுப்பு தைக்க மச்சினனையும் இழுத்துக்கொண்டு போனார்.

நத்தை ஓட்டை முதலில் பஞ்சில் செய்தார்கள். கேமராவில் இட்லிப்பானை மூடி மாதிரி ஆடியது. பிறகு ஃபைபரில் வார்த்தார்கள். அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். ஜிப் முதுகில், ஓட்டுக்கு அடியில். ஒருமுறை உள்ளே போனால் அடுத்தவன் கை படாமல் வெளியே வர முடியாது. அதனால் தையற்காரன் நாள் முழுக்க அவர் கூடவே கிடந்தான். ஓடு இறங்கியதும் கன்றிய முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதும் அவன்தான்.

“கட்டிக்கிட்டது எங்கக்காவ. முதுகு தேய்க்கிறது நானா?”

“உங்கக்கா தேய்ச்சா தோல் கையோட வந்துரும் மாப்ள. நீயே தேய்.”

பாரத்தோடு அவரால் மெதுவாகத்தான் அசைய முடியும். அது கம்பெனிக்கு ஒத்துவரவில்லை. அவர் சண்டை போடுவதை அப்படியே எடுத்து, தொகுப்பு அறையில் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். பிறகு ஓட்டுக்குச் சக்கரம் வைத்தார்கள், நெருப்பு கக்க வைத்தார்கள்.

“நத்தை எதுக்கு சார் இவ்ளோ வேகமாப் போவணும்?” என்று மாமா இயக்குனரிடம் கேட்டார்.

“நீ மெதுவாப் போனா ஜனம் வேற சேனலுக்கு வேகமாப் போயிடும்பா.”

சக்கரம் வைத்தும் ஜனம் போகத்தான் செய்தது. தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்று ஆனதும் மாமா மறுபடி போய் நின்றார். ஒரு காட்சி, ஒரே ஒரு காட்சி, கதையில் இருக்கிற மாதிரி நடக்க விடுங்கள் என்றார். இயக்குனருக்கு விட்டால் போதும் என்றிருந்தது. “கடைசி பாகம்தானே, உன் இஷ்டத்துக்கு நட” என்றார்.

எரிந்து முடிந்த வீட்டை நோக்கி நத்தைவீரன் நடந்து வரும் காட்சி அது. தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கேமராவை நிறுத்தவே இல்லை. “இவ்ளோ நேரம் என்னத்துக்கு?” என்று முனகிக்கொண்டு வந்த ஒப்பனைக்காரம்மா பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டீ கொண்டுவந்தவர் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றார். லேட்டாகிவிட்டது என்று தெரிந்தும் நிற்காமல் வருகிற ஒருத்தனை அந்தத் தெருவே பார்த்தது. ஜிப்பை இறக்கியபோது மாமாவின் முதுகில் தோல் வழன்றிருந்தது.

“வந்துச்சா மாப்ள?”

“வந்துச்சு மாமா.”

அந்த டேப் தொகுப்பு அறைக்குப் போனது. நத்தை நடந்தால் வேகத்தைக் கூட்டு என்பது அங்கே எழுதாத சட்டம். இந்தக் காட்சிக்கு அது வேண்டாம் என்று சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. படத்தொகுப்பாளனும் கேட்கவில்லை. வசனமே இல்லாமல் இவ்வளவு நீளமா, சிரிப்புக்காக எடுத்திருப்பார்கள் என்று நினைத்து மேலே ஒரு டொய்ங் டொய்ங் இசையையும் போட்டுவிட்டான்.

வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். எரிந்த வீட்டை நோக்கி நத்தைவீரன் குடுகுடுவென்று ஓடி வந்தான். கூடம் அதிரச் சிரிப்பு. மாமாவின் மகள் அவர் மடியில் விழுந்து புரண்டாள். “அப்பா, எறும்பு மாதிரி ஓடுறப்பா” என்றாள். மாமாவும் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

மறுநாள் தையற்காரன் கம்பெனிக்குப் போய்ச் சண்டை போட்டான். மூல டேப்பையாவது கொடுங்கள் என்றான். அதன் மேல் அடுத்த தொடரைப் பதிவு செய்தாகிவிட்டது என்றார்கள். தொடரை ஊரே மறந்தது, அந்த ஓட்டத்தை மட்டும் மறக்கவில்லை. பிறகு கைபேசி வந்து, அந்தத் துண்டுக் காட்சி கை கையாகச் சுற்றியது. தெருப்பிள்ளைகள் மாமாவைக் கண்டால் டொய்ங் டொய்ங் என்றார்கள். ஓடு சுமந்த முதுகு விழுகிற தொழிலுக்கு உதவவில்லை. ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். பிறகு உட்காரவும் முடியாமல் படுத்தார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனி எழுந்தால் ஆச்சரியம் என்றார்.

போன வாரம் சேனல்காரன் அந்தத் தொடரை மறுபடி போடுகிறான் என்று அறிவிப்பு வந்தது. பேரப்பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. தாத்தா கட்டிலுக்குப் பக்கத்திலேயே டிவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

மாமா தையற்காரனைக் கூப்பிட்டனுப்பினார். அக்கா அடுப்படிக்குப் போகும்வரை பேசவில்லை.

“மாப்ள, அந்தக் கடைசி பாகம் போடுற சாயங்காலம் புள்ளைங்கள எங்கயாவது கூட்டிட்டுப் போயிடு.”

“டிவி ரிப்பேருன்னு சொல்லிடலாமே மாமா.”

“அடுத்த வீட்ல போய்ப் பாத்துட்டு வந்து எங்கிட்ட நடிச்சுக் காட்டுவாங்க. என்னைக்காவது பாப்பாங்க, சிரிப்பாங்க, அது அவங்க பாடு. நான் இங்க கெடக்கையில பக்கத்துல உக்காந்து சிரிக்க வேணாம். கூட சேந்து சிரிக்க இப்ப எனக்குத் தெம்பு இல்ல. கூட்டிட்டுப் போயிடு.”