இறால் குடலில் ஈயம்

யுத்தத்தில் ஷெல் விழுந்த நாட்களிலும் இறாலின் குடலைக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்த மடையர்கள் நாங்கள். கடலிலும் வாவியிலும் வாழும் உயிர்களின் குடலில் ஈயத்தை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் பற்றீரியாக் கிருமிகள் இருக்கின்றன என்பது என் பேராசிரியரின் வாதம். வாவி எந்தப் பக்கம் என்று கேட்டால் அவர் யன்னலைத் திறந்து பார்க்க வேண்டும். சேற்றில் கால் வைத்தவன் நான். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குப் பட்டம். அதனால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

வாவிக்கரையில், தன்னாமுனையில் வீச்சுவலை எறியும் ஒருவர் எனக்கு உயிரோடு இறால் தந்தார். படிப்புக்கு என்று கேட்டதால் கொழுத்ததாகப் பொறுக்கி, வாவித் தண்ணீர் நிரப்பிய பெரிய பால்மாத் தகரப் பேணியில் விட்டுத் தருவார். சோதனைச் சாவடியில் சிப்பாய் பேணிக்குள் கைவிட்டுத் துழாவி, முள் குத்தி, என்னை முறைப்பான்.

முடிவுகள் வந்தன. குடலெங்கும் ஈயம். பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. கொழும்பில் வாசிக்கப்போகும் கட்டுரைக்கு அன்றைக்கே தலைப்பும் வைத்துவிட்டார்.

அடுத்த கிழமை நான் இறாலுக்குப் போனபோது அந்த வலைக்காரர் அடுப்படியில் குந்தியிருந்தார். கடையில் ஈயம் கிடைக்காததால் பழைய கார் பற்றரியை உடைத்து, வலைக்குக் கனம் கட்ட உருக்கிக்கொண்டிருந்தார். உருகியது அதே பேணியில். நான் திகைத்து நின்றதைக் கண்டு கூசிப்போனார்.

"உங்களுக்குத் தாறதுக்கு முதல் மண் போட்டுத் தேச்சுக் கழுவுற நான் தம்பி," என்றார்.

ஓடிப்போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். நாங்கள் அளந்தது பேணியின் ஈயம், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"கட்டுரையில பேணி எங்கயும் வராது," என்றார்.

வரவில்லை. எழுதிக் கொடுத்தவன் நான்தான். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

பட்டம் கிடைத்ததைச் சொல்லத் தன்னாமுனைக்குப் போனேன். இறாலுக்குள் என்ன கண்டீர்கள் என்று வலைக்காரர் ஆசையாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். வாவி இறாலில் பழுதில்லை என்று சந்தோஷப்பட்டார். பிறகு ஓர் ஈயத் துண்டை வலைக்கயிற்றில் மடித்து, வழக்கம்போல் பல்லிடுக்கில் வைத்துக் கடித்து நெரித்தார். ஈயம் உடம்பில் ஏறினால் என்ன செய்யும் என்று பக்கம் பக்கமாக எழுதியவன் அவர் எதிரே இருந்தேன். தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.