வெள்ளிக்கிழமைக் காசு

தீர்ப்பு நகல் கைக்கு வந்த நாளிலிருந்தே வாசல் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்கூடம். பன்னிரண்டு தறி. அதில் பதினோரு வருடம் தறி ஓட்டியவர், நாங்கள் நிறுத்தி வைத்த கூலியைக் கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தார். விசாரித்த அதிகாரி, கூலியோடு நஷ்டஈட்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார். கொடுக்காவிட்டால் ஜப்தி. அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், பாதிச் சோற்றில் எழுந்துவிடுவேன். பக்கத்துத் தெருவில் ஒரு கூடத்துக்கு சீல் வைத்த அன்று, அந்த வீட்டுக்காரம்மா வாசலில் துடைப்பத்தோடு நின்றது நின்றபடியே இருந்ததைப் பார்த்தவள் நான்.

“கூலி பாக்கிய ஒத்துக்கறமுங்க. நஷ்டஈடுதான் ரொம்ப ஜாஸ்தி” என்றார் என் கணவர், கோயமுத்தூரில் வக்கீலம்மாவிடம். என்னைவிடப் பத்து வயது சின்னவர் அந்த வக்கீலம்மா.

“அப்பீல் போலாமுங்க. ஆனா முப்பது நாளைக்குள்ள போடோணும். அதுக்கு முன்னால தீர்ப்புல சொன்ன பணம் மொத்தத்தையும் அதே அதிகாரிகிட்டக் கட்டோணும். கட்டியாச்சுன்னு அவர் குடுக்கற சான்றிதழ அப்பீல் மனுவோட வெக்கோணும். அது இல்லீன்னா கோர்ட்டுல மனுவ வாங்கவே மாட்டாங்க.”

“கட்ட முடியாமத்தானுங்க அப்பீலே போறோம்?” என்று கேட்டேன்.

“சட்டம் அப்படிங்க அக்கா” என்றார். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சட்டத்தின் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

என் நகையெல்லாம் அடகுக்குப் போய்ப் பணம் முழுசாகச் சேர்ந்தபோது இருபத்தாறு நாள் கழிந்திருந்தது. மறுநாள் காலையில் டி.டி. எடுக்கக் கிளம்பிய கணவரை வாசலில் மறித்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டிலிருந்து காசு வெளியே போகாது. போனால் லட்சுமியும் கூடப் போய்விடுவாள் என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கட்டிக்காத்து வருகிறேன். மளிகைக்காரர் முதல் கரண்ட் பில் வரை எல்லாருக்கும் இதே சட்டம்தான்.

“ஒரு நாள்ல என்ன ஆயிருமுங்க? நாளைக்குக் கட்டிக்கலாம்” என்றேன். அவருக்கும் உள்ளூரப் பயம்தான். பைக் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டார்.

புதன்கிழமை டி.டி.யோடு போனால், அதிகாரி விசாரணைக்காக வெளியூர் போய்விட்டார் என்றார்கள். வியாழக்கிழமை அரசு விடுமுறை. காலண்டரில் சிவப்பாகத்தான் போட்டிருந்தது, இரண்டு பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அதுதான் முப்பதாவது நாள்.

வக்கீலம்மா போனில் திட்டியிருந்தால்கூடத் தேவலை. “நாளைக்கு நாலரைக்குள்ள சான்றிதழோட கோர்ட்டுக்கு வந்துருங்க அக்கா. வரலீன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே அலுவலகத்தில் இருந்தோம். அதிகாரி ஏதோ மீட்டிங்காம். உட்காரச் சொன்னார் குமாஸ்தா. வராந்தாவில் இருந்ததே ஒரு பெஞ்சு. அதில் அவர் உட்கார்ந்திருந்தார், எங்களிடம் தறி ஓட்டியவர். இப்போது ஒரு நூல் மில்லில் வேலை. பணம் வந்துவிட்டதா என்று கேட்க வந்திருக்கிறார்.

“வாங்க அம்மணி. சாப்புட்டாச்சுங்களா?” என்று தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். கணவர் உட்காரவில்லை, கேட்டுக்கும் வராந்தாவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். இந்த மனிதர் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். நாலரைக்குள் அதிகாரி வராவிட்டால் அப்பீலும் போச்சு, அடகு வைத்த நகையும் போச்சு. அது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று முகத்தை முகத்தைப் பார்த்தேன். தெரிந்துதான் காவல் காக்கிறார் என்று பன்னிரண்டு மணிக்கு முடிவே கட்டிவிட்டேன். மனசுக்குள் அவரை என்னென்னவோ வைதேன். ஒரு மணி ஆனது. இரண்டு ஆனது.

“தண்ணி குடிங்க அம்மணி. மொகமே வெளுத்துப்போச்சு” என்று தன் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அப்போதும் பயம்தான் இருந்தது, நன்றி வரவில்லை.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். டி.டி.யை வாங்கி, சான்றிதழ் அடித்து, கையெழுத்தும் முத்திரையும் விழுந்தபோது மூன்றே முக்கால். கணவர் பைக்கை எடுக்க ஓடினார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, தறி ஓட்டியவர் குமாஸ்தாவிடம் கேட்டது காதில் விழுந்தது.

“பணம் வந்துருச்சுங்களா?”

“வந்துருச்சு. ஆனா அவுங்க அப்பீல் போறாங்க. அது முடியட்டும், அப்புறம் வாங்க.”

அவர் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே ஆச்சரியம்.

“இன்னைக்கு வெள்ளிக்கெழமைங்களே அம்மணி. நீங்க காசு குடுக்க மாட்டீங்களே.”

குனிந்து செருப்பை மாட்டினேன். அவர் கூலி கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் வெள்ளிக்கிழமைகளில்தான். மில்லில் அவருக்கு அன்றுதான் லீவு. ஒவ்வொரு முறையும் கேட்டுக்கு உள்ளேயே நின்று, “வெள்ளிக்கெழம குடுக்கறதில்லீங்ணா, இன்னொரு நாளைக்கு வாங்க” என்று அனுப்பியிருக்கிறேன். இன்னொரு நாள் அவரால் வர முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். பீரோவில் காசு இருந்த வாரங்களும் அதில் உண்டு.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு அப்பீல் மனுவை வாங்கிக்கொண்டார்கள். நகையை மீட்க ஒரு வழி மிஞ்சியது. வக்கீலம்மா முதல் முறையாகச் சிரித்தார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. இப்போதும் வெள்ளிக்கிழமை காலையில் கேட் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். ஆனால் அவர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. லீவு நாளில் அந்த அலுவலகத்துக்குத்தான் போகிறாராம். இன்னொரு நாளைக்கு வரச் சொல்லி அனுப்புகிறார்களாம்.