ஏப்பம் விடாத குதிரை

1. வேப்பங்குச்சி

கால்நடை ஆய்வாளராக வேலையில் சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அதற்குள் ஒன்பது மாடுகளுக்கு வயிற்று உப்புசம் பார்த்திருந்தேன். ஒன்பதும் பிழைத்துக்கொண்டன. எனக்குத் தலைக்கனம் ஏற அது போதாதா?

எழுபதுகளின் நடுப்பகுதி. கோவில்பட்டியிலிருந்து இரண்டு மைல் தள்ளி எங்கள் மருந்தகம். மழை விழுந்து கரிசல் பச்சை பிடித்திருந்த மாதம். ஈரப் பயற்றுக்கொடியை மாடுகள் கண்மண் தெரியாமல் மேய்ந்துவிட்டு வயிறு உப்பி வந்து நிற்கும். வைத்தியம் சுலபம். வாயில் குறுக்கே ஒரு வேப்பங்குச்சியைக் கட்ட வேண்டும். மாடு அதை மென்றுகொண்டே இருக்கும். இடது பக்கம், விலாவுக்குப் பின்னால் இருக்கிற குழியில் கையை வைத்துப் பிசைய வேண்டும். பெரிதாக ஓர் ஏப்பம் வரும். வந்தால் மாடு பிழைத்தது. வராவிட்டால் ட்ரோகார். அது உறை போட்ட தடித்த ஊசி. இடது பக்கம் குத்தி ஊசியை மட்டும் உருவினால், உறை வழியாகக் காற்று சீறிக்கொண்டு வெளியே வரும். ட்ரோகாரைத் தொட எனக்கு இன்னும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இருந்தது.

அன்றைக்கு டாக்டர் மணியாச்சிப் பக்கம் தடுப்பூசி போடப் போயிருந்தார். புறப்படும்போது, தெரியாத கேஸ் வந்தால் கைவைக்காதே, ஆள் அனுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் போனார். தெரியாத கேஸ் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக அப்போது நான் நினைக்கவில்லை.

பத்து மணிக்குப் பேச்சியம்மாள் வந்தாள். ஸ்டேஷனில் ஜட்கா வண்டி ஓட்டுகிறவரின் மனைவி. அவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் குதிரையை இவளே பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அதுவும் பயற்றுக்கொடியைத்தான் தின்றிருந்தது. வயிறு உப்பி, வியர்த்து, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. படுக்கப் பார்த்தது. அந்த வீட்டில் உலை கொதிப்பதே அதன் நான்கு கால்களை நம்பித்தான்.

நான் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்தேன்.

2. எல்லோரும் காத்திருந்தோம்

காளைக்குக் கொம்பு சீவ எப்போதும்வென்றான் என்கிற ஊரிலிருந்து ஒரு விவசாயச் சம்சாரி வந்திருந்தார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். நாற்பது வருடம் மாடு வைத்திருந்தவர். நான் குச்சி கட்டிய அழகைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் எனக்கு மேலும் ஒரு முழம் உயரம் கூடியது.

பிசைந்தேன். அரை மணி நேரம் பிசைந்தேன். மருந்தகத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் குதிரையின் வாயைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர் நெஞ்சைத் தடவிவிடச் சொன்னார். இன்னொருவர் ஓமத்தண்ணி கொடுக்கச் சொன்னார். அண்ணாச்சி தானே ஓர் ஏப்பம் விட்டுக் காட்டினார், குதிரைக்கு ஞாபகம் வரட்டும் என்று. குதிரை அவரை ஒரு பார்வை பார்த்ததே தவிர வாயைத் திறக்கவில்லை.

“ஏப்பம் ஒண்ணு வந்துட்டா எந்திரிச்சு ஓடிரும் சார்” என்றார் அண்ணாச்சி. “வரலைன்னா குத்திர வேண்டியதுதான்.”

எனக்கு அது போதும். உள்ளே போய் ட்ரோகாரைக் கொதிக்கவைத்து எடுத்து வந்தேன். இடது பக்கம் மயிரைச் சிரைத்து அயோடின் தடவினேன். பயம் இல்லை, ஆசைதான் இருந்தது. ஊசியை ஓங்கியபோது பேச்சியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், ஒண்ணு கேக்குதேன். எதுக்குக் குத்துதீங்க?”

ஏப்பம் வரவில்லையே, அதனால்தான் என்றேன்.

“பன்னெண்டு வருசமா இதுக்குத் தீனி வைக்கேன். என் வீட்டுக்காரரு ஏப்பம் விடுவாக, நான் விடுவேன். இது ஒரு நாளும் விட்டதில்லையே சார்.”

கூட்டம் என்னைப் பார்த்தது.

ஊசியைக் கீழே வைத்தேன். “எனக்குத் தெரியலம்மா. பார்த்துட்டு வாரேன்” என்றேன். அரசாங்க வேலையில் அந்த வார்த்தையைச் சொல்வது பல் பிடுங்குவது மாதிரி.

3. காலண்டருக்குப் பின்னால்

டாக்டரின் அறையில் பிராணிகளின் உள்ளுறுப்புப் படங்கள் மாட்டியிருந்தன. மாட்டின் படம் எதிரிலேயே தெரியும். கோழியின் படமும் தெரியும்: பல் இல்லாத பிறவி, பொடிக்கல்லை விழுங்கி உள்ளேயே அரைத்துக்கொள்ளும். குதிரைப் படத்தின் மேல் யாரோ தீப்பெட்டிக் கம்பெனிக் காலண்டரை மாட்டியிருந்தார்கள். தூக்கிப் பார்த்தேன்.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. முதல் அறையான ரூமென் இடது பக்கத்தையே அடைத்துக்கொண்டிருக்கும். தீனி புளிப்பது அங்கேதான், அதனால் காற்று வாய் வழியாக வரும். குதிரைக்கு வயிறு ஒன்றே ஒன்று, அதுவும் அந்த உடம்புக்குக் கொசுறு போலச் சின்னது. அதன் வாசல் உள்ளே விடுமே தவிர வெளியே விடாது. ஏப்பமும் கிடையாது, வாந்தியும் கிடையாது. புளிக்கிற வேலையெல்லாம் பின்னால், பெருங்குடலில்; காற்றும் பின்வழியாகத்தான் போக வேண்டும். அதிலும் சீக்கம் என்கிற பெரிய பை வலது பக்கம் இருக்கிறது. நான் குத்தப் போனது இடது பக்கம். பரீட்சையில் இதற்கு எனக்குப் பத்துக்கு எட்டு மார்க் கொடுத்திருந்தார்கள்.

வெட்கமாக இருந்தது. பிறகு டாக்டருக்கு சைக்கிளில் ஆள் அனுப்பிவிட்டு, குச்சியை அவிழ்த்து, குதிரையைப் படுக்கவிடாமல் நடத்தச் சொன்னேன். பேச்சியம்மாள் முன்னால் கயிற்றோடு, நான் பின்னால். டவுன் ரோட்டில் ஒரு மைல் நடந்தோம். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போன பெண்கள் வழிவிட்டுச் சிரித்தார்கள். வாசிகசாலைக்கு எதிரே குதிரை நின்று வாலைத் தூக்கியது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். எனக்கு விலகக்கூட நேரம் இல்லை. சட்டை போனால் போகட்டும் என்று அங்கேயே நின்று அழுதேன். பேச்சியம்மாளும் அழுதாள். குதிரை ரோட்டோரப் புல்லைக் கடித்தது.

சாயங்காலம் டாக்டர் வந்து குதிரையைப் பார்த்துவிட்டு, குத்தியிருந்தால் செத்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

முப்பது வருடம் வேலை பார்த்தேன். எந்தப் பிராணி வந்தாலும் முதல் கேள்வி கயிற்றைப் பிடித்திருக்கிறவரிடம்தான்: இது தினமும் என்ன செய்யும், என்ன செய்யாது? புதிதாக வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

பேச்சியம்மாள் அதற்குப் பிறகும் லாடப்புண், காய்ச்சல் என்று பல தடவை குதிரையோடு வந்தாள். என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேட்டிலேயே நின்று, நான் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் காத்திருந்து சொல்வாள்:

“சார், குதிரை வந்திருக்கு. மாடில்ல.”