காலி மாத்திரை அட்டை

காரைக்கால் கடைத்தெருவில் எந்த மருந்துக்கடையில் ஏறினாலும் என் நரைத்த தலையைப் பார்த்ததும் ஒரே கேள்விதான். "பில்லு வேணுமாங்க, தள்ளுபடி வேணுமாங்க?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பதினைந்து சதவீதம் தள்ளுபடி என்று கடைக்குக் கடை பலகை தொங்குகிறது. ஆனால் என்னைப் போன்ற அரசு ஓய்வூதியர்களுக்குக் காப்பீடு இருக்கிறது. மருந்து வாங்கிய பில்லைக் கொடுத்தால் ஐந்தாறு மாதத்தில் தொகை திரும்பி வரும். தள்ளுபடி போக எவ்வளவு பில் போடுகிறார்களோ அவ்வளவுதான் வரும் என்பதால் தள்ளுபடியால் எங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் கடைக்காரர்கள் முழு விலைக்குப் பில் போட்டுவிட்டு, மனசு கேட்காமல் ஒரு சோப்பையோ பிஸ்கட் பொட்டலத்தையோ பையில் போடுவார்கள். சோப்பை நான் வாங்குவதில்லை, அது தப்பு. பில்லை விடுவதுமில்லை, அது முட்டாள்தனம். இரண்டிலும் நான் கண்டிப்பானவன்.

கண்டிப்புக்குக் காரணம் என் வேலை. பதினெட்டு வருஷம் ஓர் அலுவலகத்தில் மருத்துவச் செலவு மனுக்களைச் சரிபார்க்கும் மேசையில் இருந்தேன். டாக்டர் சீட்டில் ஒரு பெயர், பில்லில் வேறு பெயர் என்றால் திருப்பி அனுப்புவேன். தேதி அடித்துத் திருத்தியிருந்தால் திருப்பி அனுப்புவேன். ஒரு முறை ஓய்வுபெற்ற ஒருவர் மாத்திரைகளை வாங்கி, பில்லை வைத்துக்கொண்டு, மாத்திரைகளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். அதன்பிறகு மனுவோடு காலி மாத்திரை அட்டைகளையும் இணைக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். மாத்திரையைப் பிதுக்கி எடுத்த அட்டையை எந்தக் கடைக்காரர் திருப்பி வாங்குவார்? குறிப்பு அப்படியே ஏற்கப்பட்டது. என் சர்வீஸில் மேலிடத்திலிருந்து வந்த ஒரே பாராட்டு அதற்குத்தான்.

டாக்டர்கள் மூன்று மாதத்துக்கு எழுதித் தருவார்கள். பில் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் மனு வந்துவிட வேண்டும். மூன்று மாத மாத்திரையின் அட்டைகள் முப்பது நாளில் எப்படிக் காலியாகும் என்று பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. என் மேசைக்கு வந்தபோது அவை காலியாகத்தான் இருந்தன.

எப்படிக் காலியாகும் என்பது ஓய்வு பெற்ற முதல் மாதமே தெரிந்துவிட்டது. வாங்கி வந்த அன்றே எல்லா மாத்திரைகளையும் பிதுக்கிப் பாட்டிலில் போட்டுவிட வேண்டியதுதான். எங்கள் தெருவில் ஓய்வூதியம் வாங்கும் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள். சிலர் ஊறுகாய் பாட்டிலில் போடுகிறார்கள், சிலர் ஹார்லிக்ஸ் பாட்டிலில். எனக்குப் பக்கத்து வீட்டு அம்மாவிடமிருந்து நல்ல ஜாம் பாட்டில்கள் கிடைத்தன. அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போனபிறகு இந்த அம்மாவுக்கு அங்கிருந்து பென்ஷன் வருகிறது. மகள் வரும்போதெல்லாம் அந்த ஊர் ஜாம் கொண்டுவருவாள். இந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதால் ஜாம் தெருவுக்குப் போகும், பாட்டில் எனக்கு வரும்.

நான் கூடத்தில் உட்கார்ந்து மாத்திரை பிதுக்குவதை ஒரு நாள் பார்த்துவிட்டு அவர் கேட்டார். "இது என்னண்ணே கூத்து? எங்களுக்கெல்லாம் சீட்டும் பில்லும் அனுப்புனா போதும். குப்பையவெல்லாம் யாரு கேக்குறா?"

குப்பையைக் கேட்டவன் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

மாத்திரைகள் என் மனைவிக்கு. அவளுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். சர்க்கரைக்குக் காலையில் ஒன்று, பிரஷருக்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அவளுக்குப் படிக்கத் தெரியும், கண்ணும் நன்றாகத் தெரியும். "அட்டையிலேயே இருக்கட்டுங்க, நான் பேரு பாத்து எடுத்துக்கிறேன்" என்று ஆரம்பத்தில் சொன்னாள். பெயரெல்லாம் நான் எழுதி ஒட்டுகிறேன் என்றேன். கோப்புகளுக்கு ஒட்டுவது போலவே வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் எழுதி ஒட்டினேன். எங்கள் ஊர் உப்புக்காற்றில் அந்தத் தாள் இரண்டு மாதம் தாங்காது. அதற்கும் வழி கண்டுபிடித்து, மேலே செல்லோ டேப் சுற்றினேன். இவ்வளவு முறையாக நடக்கும் வீடு இந்தத் தெருவில் வேறில்லை என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. வேளாவேளைக்கு மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பதும் நான்தான். அவள் பார்க்காமலே வாங்கி வாயில் போட்டுக்கொள்வாள்.

போன வருஷம் ஒரு முறை, வழக்கமாக வாங்கும் பிரஷர் மாத்திரை கடையில் இல்லை. அது மஞ்சளாக இருக்கும். அதே மருந்து, வேறு கம்பெனி என்று சொல்லி வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். விலையும் குறைவு. டாக்டர் சீட்டில் மருந்தின் பெயர் சரியாக இருந்தது, பில்லிலும் சரியாக இருந்தது, எனக்குத் திருப்தி. சர்க்கரை மாத்திரையும் வெள்ளைதான், அதுவும் வட்டம்தான். நான் பார்த்தது பேப்பரை மட்டும்.

வீட்டுக்கு வந்து இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களில் தனித்தனியாகப் பிதுக்கினேன். காலி அட்டைகளை எண்ணி நூலால் கட்டினேன். அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. என் பழைய மேசையில் இப்போது இருக்கும் பையன், வரிச்சிக்குடிக்காரன், நான் வேலை பழக்கியவன். யாருடைய மனுவிலோ சந்தேகம். பத்து நிமிஷம் விளக்கினேன். நான் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது என்ற நினைப்போடு திரும்பி வந்து கிண்ணங்களைப் பாட்டில்களில் கவிழ்த்தேன். மறுநாளே மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்து வரிசை எண்ணும் வாங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அவள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். கை நடுங்குகிறது என்றாள். வயதாகவில்லையா என்றேன். படுக்கப் போகும்போது பசிக்கிறது என்று பிஸ்கட் தின்றாள். சர்க்கரைக்காரி வாயைக் கட்ட வேண்டாமா என்றேன். இப்போது நினைத்தால் அந்தப் பிஸ்கட்தான் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. அதைத்தான் நான் பிடுங்கி வைத்தேன்.

மாதாமாதம் கிருத்திகைக்கு அவள் விரதம் இருப்பாள், பகல் முழுக்கத் தண்ணீர்தான். விரதத்தன்றைக்குச் சர்க்கரை மாத்திரை வேண்டாம், பிரஷர் மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கிருத்திகையன்று காலையில் பிரஷர் என்று எழுதிய பாட்டிலிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பத்தரை மணிக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கீரையைத் தள்ளிவிட்டுத் தண்டைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு என்னை யாரென்று தெரியாதவள் போலப் பார்த்தாள். ரவிக்கை முழுக்க வேர்வை. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள்.

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர், "சுகர் எறங்கிடுச்சுண்ணே, சீனி எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனார். என் வீட்டில் சீனி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே தேடி எடுத்துக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். கண் திறந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரைப் பாட்டில்களை நான் மறக்காமல் மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டேன்.

டியூட்டியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். குளுக்கோஸ் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தாள். விரதம், காலையில் பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்று சொன்னேன்.

"சுகர் மாத்திரை போடலன்னா இவ்ளோ எப்படிங்க எறங்கும்?" பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. இதுல எது சுகர்?"

"எழுதி ஒட்டியிருக்குதுங்களே."

"ஒட்டுனது சரிங்க. மாத்திரை அட்டை எங்க?"

"ஆபீஸ்ல இருக்குதுங்க."

"மாத்திரை அட்டை ஆபீஸ்ல எதுக்குங்க இருக்கு?"

வரிசை எண்ணும் தேதியும் என் சட்டைப் பையில் இருந்தன. அவை பதில் இல்லை என்பது அப்போது எனக்கே தெரிந்தது. "முதல்ல போய் அதப் பாத்துட்டு வாங்க" என்றாள் டாக்டர். பக்கத்து வீட்டு அம்மாவை உட்கார வைத்துவிட்டு, பாட்டில் பையோடு ஓர் ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்குப் போனேன்.

வரிச்சிக்குடிப் பையன் எழுந்து நின்றான். என் மனுவைக் கேட்டேன். தயங்கினான். "பதிவு போட்டாச்சே சார். வெளிய குடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

"வெளிய வேணாம்ப்பா. இங்கயே பாக்குறேன்."

கட்டைப் பிரித்துக் கொடுத்தான். பில்கள், சீட்டு, அவற்றுக்குப் பின்னால் நூல் கட்டிய அட்டைகள். பிரஷர் அட்டையை எடுத்து, பிரஷர் பாட்டிலிலிருந்து ஒரு மாத்திரையை அதன் குழியில் வைத்தேன். ஆடியது. குழி பெரிது, மாத்திரை சிறிது. அதையே சர்க்கரை அட்டையின் குழியில் வைத்தேன். அச்சாக உட்கார்ந்தது. சர்க்கரைப் பாட்டிலில் இருந்ததை எடுத்துச் சர்க்கரைக் குழியில் வைத்துப் பார்த்தேன். அது இறங்கவே இல்லை. எதையும் மூன்று முறை சரிபார்ப்பது என் பழக்கம். மூன்று முறையும் அப்படியேதான் இருந்தது. பன்னிரண்டு நாளாகப் பிரஷர் மாத்திரை என்று சொல்லி, காலையும் இரவும் நான் அவளுக்குக் கொடுத்தது சர்க்கரை மாத்திரை. விரதத்தன்று வெறும் வயிற்றிலும் கொடுத்திருக்கிறேன்.

"என்ன சார், ஏதும் குறையுதா?" என்றான் பையன்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றேன். நூலை அவன்தான் திரும்பக் கட்டினான்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். நடந்ததை எதையும் மறைக்காமல் சொன்னேன். அந்தக் குறிப்பை எழுதியது நான் என்பதையும், போன் வந்ததையும், கிண்ணங்கள் மாறியதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி விடுங்க. தெரிஞ்சா செஞ்சீங்க" என்றாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கடையில் புதிதாக வாங்கி வந்தேன். பில்லா, தள்ளுபடியா என்று கேட்டதற்குத் தள்ளுபடி என்றேன். கடைக்காரர் இரண்டாம் முறை கேட்டார். பில் இல்லையென்றால் மனுவும் இல்லை, அட்டை வீட்டிலேயே இருக்கும். இன்றுவரை தள்ளுபடிதான்.

ஐந்து மாதம் கழித்து அந்த மனு பாஸாகி வந்தது. ஒரு ஆட்சேபணையும் இல்லை, ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. என் மேசைக்கு வந்திருந்தாலும் அதை அப்படியேதான் பாஸ் செய்திருப்பேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது புது மாத்திரை வாங்கி வந்த நாளைப் பற்றி. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், வழக்கம் போல ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து, இன்னொரு கையில் தண்ணீரோடு அவள் எதிரில் போய் நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து, காய்ச்சல் மாத்திரையானாலும் தலைவலி மாத்திரையானாலும், நான் கொடுத்ததை அவள் பார்த்து வாங்கியதில்லை. அன்று கையை நீட்டவில்லை. மாத்திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அட்டை எங்க?" என்றாள்.

குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. அரிசியில் கல் பார்க்கிறவளைப் போலத்தான் கேட்டாள். அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. உள்ளே போய் அட்டையை எடுத்து வந்து கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள். என் உள்ளங்கையில் இருந்ததை விட்டுவிட்டு, அட்டையிலிருந்து தானே ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். தண்ணீரை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.