எங்கள் தெருவின் ஒரே நடுத்தர வர்க்கம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஏழையா இல்லையா என்பதை ரேஷன் கார்டின் நிறம்தான் சொல்லும். சிவப்பு என்றால் ஏழை, மஞ்சள் என்றால் ஏழை இல்லை. அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் தெரு முழுக்கச் சிவப்பு, எங்கள் வீடு மட்டும் மஞ்சள். அப்பா மில்லில் வேலை பார்த்த காலத்தில் கொடுத்தது. மில்லை மூடினார்கள், அப்பாவும் போய்ச் சேர்ந்தார், கார்டு மட்டும் மாறவே இல்லை. நான் வில்லியனூரில் ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டு புடவை மடிக்கிறேன்.

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. ஆபரேஷனுக்கு அரசாங்க உதவி வேண்டுமென்றால் சிவப்பு கார்டு கொண்டு வா என்றார்கள். கார்டை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, விசாரணைக்கு ஆள் வருவார் வருவார் என்று காத்திருந்தோம். நான் கடைக்குப் போனபின் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது எதிர்வீட்டு அக்காதான்.

விசாரணைக்கு முன்னால் தேர்தல் வந்து நின்றது. அந்த முறை வேட்பாளர்கள் எல்லாருக்கும் நடுத்தர வர்க்கத்தின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஏழைக்குச் சலுகை இருக்கிறது, பணக்காரனுக்குப் பணம் இருக்கிறது, நடுத்தர மக்களுக்கு யார் இருக்கிறார்?" என்று மைக் கட்டிய ஆட்டோ ஒன்று கரும்புக் கொல்லையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனது. கரும்பு வாயே திறக்கவில்லை.

மறுநாள் ஒரு கட்சிக்காரர் வந்தார். "அண்ணன் ஒரு மிடில் கிளாஸ் வூட்டுல டீ குடிக்கிற மாரி வீடியோ எடுக்கணும். இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான் மிடில் கிளாஸ்."

"யாருங்க சொன்னது?"

"லிஸ்ட்டப் பாத்துட்டுத்தான் வரேன். மஞ்ச கார்டு."

உள்ளே எட்டிப் பார்த்தவர் முகம் சுருங்கிப்போனது. ஒரு கட்டில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் ஒன்று கால் உடைந்து வயர் போட்டுக் கட்டியது. "இன்னாம்மா இது, மிடில் கிளாஸ் மாரியே இல்லியே?" என்று என்னையே கோபித்துக்கொண்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்! "அதத்தான்பா நானும் ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன்" என்றேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நாலு வீட்டுச் சாமான் அந்த வீட்டுக்கு வந்துவிடும். அதே மாதிரி இப்போதும் இறங்கிவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா சோபாவைக் கொடுத்தாள். மூலைவீட்டிலிருந்து ஃப்ரிட்ஜ், பின்வீட்டிலிருந்து பெரிய டிவி. எல்லாம் சிவப்பு கார்டு வீட்டுச் சாமான்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, "சும்மா இருடி, தெரு மானம்" என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

வேட்பாளர் சோபாவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்கதாம்மா இந்த மண்ணோட முதுகெலும்பு!"

"முதுகெலும்பு நல்லாத்தான் இருக்குது தம்பி, முட்டிதான் போச்சு. அந்தச் செவப்பு கார்டு..." என்று அம்மா ஆரம்பித்ததும் வீடியோக்காரர் கையைத் தூக்கினார். "கஷ்டத்தையெல்லாம் சொல்லாதீங்கம்மா. மிடில் கிளாஸ்காரங்க மானஸ்தங்க, வெளிய சொல்ல மாட்டாங்க. சும்மா சிரிங்க." அம்மா சிரித்தாள்.

"ஜெயிச்சாலும் தோத்தாலும் இதே சோபாவுல உக்காந்து டீ குடிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஃப்ரிட்ஜும் டிவியும் அன்று சாயங்காலமே வீடு திரும்பின. சோபாவை மட்டும் அக்கா எடுக்கவில்லை. "திரும்ப வந்து பாத்தா அசிங்கமா பூடும்டி, இருக்கட்டும்" என்றாள். அவர் ஜெயித்தார், வரவில்லை. வந்தவர் விசாரணை அதிகாரி.

அவர் போனில் அந்த வீடியோ இருந்தது. "ஃப்ரிட்ஜ எங்க ஒளிச்சி வச்சிருக்கீங்க?"

"அது தெருவுல எரவல் வாங்கினது சார்" என்றேன்.

"எந்த வூட்டுல? அவங்க கார்டையும் பாக்கணுமே."

வாசலில் கூடியிருந்த தெரு மெல்லக் கலைந்தது. மூலைவீட்டுக்காரிக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்துவிட்டது. பின்வீட்டுக்காரர் மழை வருமா என்று பார்த்தார். அக்காவால் மட்டும் நகர முடியவில்லை. அப்போதுதான் அம்மாவைப் பாத்ரூமிலிருந்து கூட்டிவந்து சோபாவில் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி, இந்த சோபா யாருது?"

நான் வாயைத் திறந்தேன். அக்காவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவள் வீட்டுக்காரரின் வைத்தியமே அந்தச் சிவப்பு கார்டில்தான் ஓடுகிறது. அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"எங்களுதுதான் சார். அவரு இருந்தப்ப வாங்கினது."

அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார். அம்மாவின் மேல் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததே இல்லை. "உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினேன்.

"கார்டு என்னிக்கோ ஒருநாள் மாறட்டும்டி" என்றாள் அம்மா. "நாளைக்குக் காலைல என்னக் கை புடிச்சித் தூக்கறது யாரு, அரசாங்கமா?"

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சோபாவை இனி அவள் எடுத்துப்போக முடியாது, அது எங்களுடையது என்று எழுதியாகிவிட்டது. போகும்போது வயர் கட்டிய எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். இன்றைக்கும் அதில் உட்கார்ந்துதான் அவள் வீட்டில் டிவி பார்க்கிறார்கள்.